35 வயதில் ஐடிஐ சேர வேண்டுமா? முதலில் டிசியைத் தேடுங்கள்

வடசென்னையில் காசிமேடு, கொருக்குப்பேட்டை பக்கம் யாரிடம் கேட்டாலும் "இந்த வயசுல உன்னை யாரு சேத்துப்பாங்க" என்பார்கள். சேர்த்துக்கொள்வார்கள். அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு, பெண்களுக்கு வயது வரம்பே கிடையாது. எட்டாவது பாஸ் என்றால் வெல்டர், வயர்மேன். பத்தாவது என்றால் ஃபிட்டர், எலக்ட்ரீஷியன். பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, அதுபோக பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம். எட்டாவதே முடிக்கவில்லை என்றால் தனித்தேர்வராக எழுதி பாஸ் பண்ணிவிட்டு வரலாம்.

பாதிப் பேர் மாட்டிக்கொள்வது காகிதத்தில்தான். எங்கள் வீட்டில் டிசியை, அதாவது பள்ளி மாற்றுச் சான்றிதழை, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தோம், 2023 மிக்ஜாம் வெள்ளத்தில் தண்ணீர் உள்ளே வந்து, எடுத்துப் பார்த்தால் பள்ளியின் ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் ஊதாவாகப் பரவி நிற்கிறது, பெயரைக் காணோம். அப்படி ஆனவர்கள் படித்த பள்ளிக்கே போய் தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்து நகல் கேளுங்கள், நாலு நடை ஆகும், பரவாயில்லை. டிசியில் ஒரு இனிஷியல், ஆதாரில் வேறொன்று இருந்தால் அதையும் இப்போதே சரிசெய்யுங்கள். சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். வாசலில் நிற்கும் ஆள் 500 கேட்டால் கொடுக்காதீர்கள்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களா? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1000 ரூபாய் உண்டு, ஐடிஐக்கும் பொருந்தும். உங்களுக்கு வருமா என்று சேரும்போதே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் அடுப்பெரியவே தினக்கூலி வேண்டும் என்பவருக்கு 750 ரூபாய் ஒரு நாள் கூலிக்குத்தான் தேறும். குடும்பஸ்தர்களுக்கு இந்தத் தொகையை அரசு தனியாக உயர்த்தினால்தான் நம் ஏரியா ஆட்கள் தைரியமாக வேலையை விட்டுவிட்டு வருவார்கள், அதுவரை கஷ்டம்தான். அவர்கள் தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்தின் குறுகிய காலப் பயிற்சிகளைப் பார்க்கலாம், அதுவும் இலவசம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் அவர்களுக்கான அரசு நிறுவனமான தாட்கோவிலும் விசாரியுங்கள். "வேலை கேரண்டி" என்று போஸ்டர் ஒட்டி முன்பணம் கேட்கும் இடங்கள் வேண்டவே வேண்டாம்.

விண்ணப்பம் பத்தாவது ரிசல்ட்டை ஒட்டி வரும். கலந்தாய்வில் கேட்ட டிரேடு (தொழிற்பிரிவு) கிடைக்கவில்லையா, நேரடிச் சேர்க்கை அறிவிப்பார்கள், அன்று ஒரிஜினலோடு காலையிலேயே போய் நில்லுங்கள்.