டயாப்லோ 2: பார்பேரியனை எப்படி வளர்ப்பது

டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டு வந்தது 2000-இல். 2021-இல் ரிசரெக்டட் என்ற பெயரில் புது கிராஃபிக்ஸோடு மறுபடி வந்தது, ஆனால் உள்ளே ஓடுவது பெரும்பாலும் அதே பழைய கணக்குதான். இதில் மந்திரக்காரியான சோர்சரஸுக்கு மந்திரம் போதும். முரட்டுப் போர்வீரனான பார்பேரியனுக்கு அப்படியில்லை, கையில் இருக்கிற ஆயுதம்தான் அவனுக்கு எல்லாம். ஸ்கில்லை (லெவல் ஏறும்போது கிடைக்கும் பாயிண்ட் போட்டு வளர்க்கும் திறமை) எவ்வளவு ஏற்றினாலும் ஆயுதம் மொக்கை என்றால் அடி விழாது.

முதல் சில லெவல்களுக்கு பேஷ் (பலத்த அடி) ஸ்கில்லில் ஒரு பாயிண்ட், ஹவுல் (எதிரியை விரட்டும் கத்தல்) ஸ்கில்லில் ஒரு பாயிண்ட் போதும், மிச்சத்தைச் சேர்த்து வையுங்கள். 6-ஆம் லெவலில் இரண்டு ஆயுதத்தாலும் அடிக்கும் டபுள் ஸ்விங் திறந்ததும் கேடயத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு கையிலும் ஆயுதம் பிடியுங்கள். இதில் போடும் பாயிண்ட் வீணாகாது, ஏனென்றால் பின்னால் வரப்போகும் ஃப்ரென்ஸி என்ற ஸ்கில்லின் அடியை அது கூட்டிக்கொண்டே போகும். ஸ்டாட் பாயிண்ட் (உடல் பலம், சுறுசுறுப்பு போன்றவற்றை ஏற்றும் தனிப் பாயிண்ட்) விஷயத்தில் ஸ்ட்ரெங்த்தும் டெக்ஸ்டெரிட்டியும் போட்டிருக்கும் சாமான் கேட்கிற அளவுக்கு மட்டும், மீதி மொத்தமும் வைட்டாலிட்டி (பார்பேரியனுக்கு ஒரு பாயிண்டுக்கு 4 உயிர் கிடைக்கும்). மானாவைக் கூட்டும் எனர்ஜியில் கை வைக்கவே வேண்டாம்.

அப்படியென்றால் ஸ்கில்லைப் பயன்படுத்தச் செலவாகும் மானாவுக்கு என்ன செய்வது? இங்கேதான் ஸ்டீல் ரூன்வேர்ட் (ரூன் எனும் கற்களைக் குறிப்பிட்ட வரிசையில் ஆயுதத்தில் பதித்தால் கிடைக்கும் கூடுதல் சக்தி) கைகொடுக்கிறது. சரியாக இரண்டு சாக்கெட் (ரூன் பதிக்கும் குழி) உள்ள வாள், கோடரி அல்லது மேஸ் ஒன்றை எடுத்து முதலில் டிர், அப்புறம் எல் ரூனைப் போடுங்கள். வரிசை மாறினால் வேலை செய்யாது, நீல நிற மேஜிக் ஆயுதத்திலும் செய்யாது, வெள்ளை அல்லது சாம்பல் நிறப் பெயர் உள்ளதுதான் வேண்டும். 13-ஆம் லெவலில் இதைப் பிடிக்கலாம்: அடிக்கும் வேகம் 25% கூடும், ஒவ்வொரு கொலைக்கும் 2 மானா திரும்ப வரும். முதல் கடினநிலையான நார்மலில் டபுள் ஸ்விங்குக்கு அதுவே தாராளம். ரூன் இல்லையா? முதல் ஆக்டில் (கதையின் முதல் பகுதி) பிளாக் மார்ஷில் இருக்கும் ஃபர்காட்டன் டவரின் அடித்தளத்துக்கு இறங்கி கவுண்டஸ் என்ற எதிரியைத் திரும்பத் திரும்பக் கொல்லுங்கள், இந்த இரண்டையும் அவளே தருவாள்.

இரண்டாவது ஆக்டின் ஊரான லட் கோலைன் போனதும் கிரைஸிடம் பிரேயர் ஆரா உள்ள மெர்சனரியை (கூலி வீரன்) எடுங்கள், உங்கள் உயிரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே இருப்பான். பழைய சாமானையெல்லாம் கடையில் தள்ளாமல் நல்ல ஈட்டி, கவசம், தலைக்கவசம் மூன்றையும் அவனுக்குக் கொடுங்கள். அந்த ஆக்டின் கடைசி எதிரியான டூரியலிடம் போகும்போது பெல்ட் முழுக்க உயிர் ஏற்றும் சிவப்பு பாட்டில் இருக்கட்டும். இடம் குறுகல், அவனுடைய ஹோலி ஃப்ரீஸ் உங்களை மெதுவாக்கிவிடும், ஓடித் தப்பிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம், நின்று அடிக்க வேண்டியதுதான்.

24-ஆம் லெவலில் ஆட்டமே மாறிவிடும். ஃப்ரென்ஸி வரும், அடி ஒவ்வொன்றும் விழ விழ கையும் காலும் வேகமெடுக்கும். ஆனால் அடி விழுந்தால்தான் அந்த வேகம், அதனால் அட்டாக் ரேட்டிங்கை (அடி படும் வாய்ப்பைக் கூட்டுவது) கவனியுங்கள், எந்த வகை ஆயுதம் பிடிக்கிறீர்களோ அதற்கான மாஸ்டரியிலும் பாயிண்ட் போடுங்கள். அதே லெவலில்தான் பேட்டில் ஆர்டர்ஸ் என்ற வார்கிரையும் (கத்திப் பயன்படுத்தும் ஸ்கில்). ஒரே ஒரு பாயிண்டில் உயிர் 35% கூடும், மெர்சனரிக்கும் சேர்த்து. 30-இல் பேட்டில் கமாண்ட் கிடைத்ததும் முதலில் அதைக் கத்திவிட்டு அப்புறம் ஆர்டர்ஸைக் கத்துங்கள், எல்லா ஸ்கில்லும் ஒரு லெவல் ஏறியிருப்பதால் உயிர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஏறும். வார்கிரை ஸ்கில்லைக் கூட்டும் ஆயுதம் கிடைத்தால் இரண்டாவது செட்டில் வைத்துக்கொண்டு, டபிள்யூ கீயைத் தட்டி மாற்றி, கத்திவிட்டுத் திரும்புங்கள். இதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள், அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

ஐந்தாவது ஆக்டில் ஆரியட் மலை உச்சியில் மூன்று ஏன்ஷியன்ட்ஸ் (பழங்கால வீரர்கள்) காத்திருப்பார்கள். நார்மலில் 20-ஆம் லெவலை எட்டியிருந்தால் சண்டைக்கு வருவார்கள். நடுவில் ஊருக்குப் போனால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், ஆனால் அவர்களுடைய கூடுதல் சக்திகளும் அப்போது மாறிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே ரொம்பக் கொடூரமான கூட்டணி வந்தால் தயங்காமல் ஊருக்குப் போகும் போர்ட்டல் போட்டு வெளியேறி மறுபடி வாருங்கள்.

கடைசிக் கடினநிலையான ஹெல்லில் எல்லா ரெசிஸ்டன்ஸிலும் (நெருப்பு, பனி போன்ற தாக்குதலைத் தாங்கும் சக்தி) 100 குறையும், அதனால் அதற்கு முன்பே நேச்சுரல் ரெசிஸ்டன்ஸில் சில பாயிண்ட் போட்டிருக்க வேண்டும். சாதாரண அடி ஏறவே ஏறாத பிசாசுகள் அங்கே நிறைய. அவற்றுக்காக பெர்செர்க்கில் ஒரு பாயிண்டாவது வையுங்கள், அது அடியை மேஜிக் டேமேஜாக மாற்றிவிடும். ஆனால் அந்த நேரத்தில் உங்கள் டிஃபென்ஸ் பூஜ்யம், ஆகவே கூட்டத்துக்கு நடுவில் வேண்டாம், தனியாக மாட்டியவன் மேல் மட்டும். பாயிண்ட் தப்பாகப் போய்விட்டால் முதல் ஆக்டின் டென் ஆஃப் ஈவில் பணியை முடித்ததற்கு ஊரில் இருக்கும் அகாரா ஒவ்வொரு டிஃபிகல்ட்டியிலும் ஒருமுறை இலவசமாக ரீசெட் செய்து தருவாள். நார்மலில் கிடைப்பதை அவசரப்பட்டுச் செலவழிக்காமல் ஹெல்லுக்கென்று வைத்திருங்கள்.