டெக் போட எத்தனை பலகை வேண்டும்? கடைக்குப் போகும் முன் போட வேண்டிய கணக்கு

மர டெக், அதாவது வீட்டை ஒட்டி வெளியே பலகையால் அமைக்கும் மேடை, போடக் கிளம்பும் பலர் நீளத்தை அகலத்தால் பெருக்கி, வரும் சதுர அடியை ஒரு பலகையின் பரப்பால் வகுத்து, அந்த எண்ணோடு நேரே மரக்கடைக்குப் போய்விடுகிறார்கள். தோராயச் செலவு பார்க்க அது போதும். ஆனால் பலகையை நாம் வரிசை வரிசையாகத்தானே அடிக்கிறோம்? அதனால் எண்ண வேண்டியதும் வரிசையைத்தான்.

முதலில் பலகையின் உண்மையான அகலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். "ஆறு அங்குலம்" என்று விற்கும் பலகை, அளந்து பார்த்தால் வழக்கமாக 5.5 அங்குலம்தான், அதாவது சுமார் 140 மில்லிமீட்டர். அறுத்த மரம் உலர்ந்து, இழைத்து முடித்த பிறகு நிற்கும் அளவு அது. இதோடு இடைவெளியைக் கூட்ட வேண்டும். தண்ணீர் வடிவதற்கும், மரம் ஈரத்தில் உப்பினால் ஒன்றையொன்று நெட்டித் தள்ளாமல் இருப்பதற்கும் பலகைக்குப் பலகை 1/8 அங்குலம் விடுவது வழக்கம். ஆக, ஒரு வரிசை பிடிக்கும் இடம் 5.625 அங்குலம்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். டெக் 16 அடி நீளம், 12 அடி அகலம், பலகைகள் நீளவாக்கில் ஓடுகின்றன. அகலம் 144 அங்குலம். முன்பக்கம் சட்டத்தை, அதாவது பலகைகளுக்கு அடியில் இருக்கும் மரக்கட்டமைப்பை, தாண்டிப் பலகை ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றால் 145. இதை 5.625-ஆல் வகுத்தால் 25.8 வரும், அதாவது 26 வரிசை. பலகை ஆறு அங்குலம் என்று நம்பி, நீட்டலையும் மறந்து வகுத்தவர் 24 வாங்கியிருப்பார், கடைசியில் இரண்டு வரிசை திறந்து கிடக்கும்.

அந்த 25.8-ல் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கடைசிப் பலகை முழுசாக உட்காராது, நெடுக அறுத்து 4 அங்குலம் சொச்சத்துக்குக் குறைக்க வேண்டும். சட்டம் இன்னும் அடிக்கவில்லை என்றால் இதைத் தவிர்ப்பது எளிது: 26 முழுப் பலகையும் நடுவில் 25 இடைவெளியும் சேர்ந்தால் 146 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது, அதில் நீட்டல் ஓர் அங்குலம் போக, சட்டத்தை 12 அடி 1 அங்குலமாக அடித்தால் எல்லா வரிசையும் முழுப் பலகையாகவே முடியும். பலகைக் கணக்கைச் சட்டம் அடிப்பதற்கு முன்பே போடுங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்தது நீளம். பலகை 16 அடி, டெக்கும் 16 அடி, சரியாக வரும் என்று தோன்றும். ஆனால் இரண்டு ஓரத்திலும் ஓர் அங்குலம் நீட்டல் வேண்டுமென்றால் தேவைப்படுவது 16 அடி 2 அங்குலம். அதற்கு அடுத்த நீளப் பலகை வாங்க வேண்டும், அல்லது சட்டத்தையே 15 அடி 9 அங்குலத்துக்குக் குறைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இரண்டாவது, பலகையின் முனையையும் நேராக வெட்டிச் சீராக்கிக்கொள்ளலாம்.

டெக் 20 அடி நீளம், ஒரே பலகையில் முடியாது என்றால் ஒட்டு எங்கே விழும் என்று பாருங்கள். ஒட்டு கண்டிப்பாக ஒரு ஜாயிஸ்ட் மேல், அதாவது பலகையைத் தாங்கும் கட்டையின் மேல் விழ வேண்டும். ஜாயிஸ்ட்டுகள் 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருந்தால் 8 அடியும் 12 அடியும் கட்டை மேல் போய் முடியும், ஆனால் 10 அடி இரண்டு கட்டைக்கு நடுவே தொங்கும். ஆகவே இரண்டு 10 அடிப் பலகையை விட 12 அடியும் 8 அடியுமாக வாங்கி, ஒரு வரிசையில் 12 இடப்பக்கம், அடுத்த வரிசையில் 8 இடப்பக்கம் என்று மாற்றி அடிப்பது நல்லது. ஒட்டுகளும் ஒரே கோட்டில் வராது. ஒட்டு விழும் இடத்தில் ஜாயிஸ்ட்டோடு இன்னொரு கட்டையைச் சேர்த்துவிட்டால் ஸ்க்ரூ பலகையின் முனையைப் பிளக்காது.

சரி, கழிவு. நேராக அடிப்பதற்கு 10 சதவீதம் கூட்டுங்கள், 26 என்பது 29 ஆகும். சாய்வாக, 45 டிகிரியில் அடித்தால் 15 சதவீதம் வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு முனையிலும் முக்கோணத் துண்டு வீணாகும். சாய்வுக்கு ஜாயிஸ்ட்டும் 12 அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்க வேண்டும், அதையும் மரக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருந்தேற்றிய மரம் (அழுகலும் பூச்சியும் பிடிக்காமல் மருந்து ஊட்டியது) ஈரமாகவே கைக்கு வந்தால் இடைவெளி விடாமல் ஒட்டி அடிப்பார்கள், காய்ந்து சுருங்கும்போது இடைவெளி தானாகவே வந்துவிடும். அப்போது 145-ஐ 5.5-ஆல் வகுக்க வேண்டும், 27 வரிசை. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் காம்போசிட் பலகைக்கு இது பொருந்தாது, அதன் இடைவெளியைத் தயாரிப்பாளர் சொன்னபடியே விடுங்கள்.

படிக்கட்டு இருந்தால் ஒரு படிக்கு இரண்டு பலகை. அப்புறம் ஸ்க்ரூ: பலகை ஜாயிஸ்ட்டைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு. நம் 16 அடி டெக்கில் 13 ஜாயிஸ்ட், 26 வரிசை, ஆக 676. வளைந்து, தலை தேய்ந்து போவதையும் சேர்த்து 750 வாங்குங்கள்.