நீண்ட ஆங்கிலச் சொல்லை வாலிலிருந்து பிரித்தேன்

காரைக்குடி அருகே, தங்கும் விடுதியாக மாறிய பழைய நகரத்தார் வீடு ஒன்றில் விருந்தினரை வரவேற்கும் வேலை எனக்கு. நாளெல்லாம் வாயில் வரும் சொல் ‘ஹாஸ்பிடாலிட்டி’, அதாவது விருந்தோம்பல். வெளிநாட்டவர் சிலர் அதை மருத்துவமனை என்று எடுத்துக்கொண்டு, யாருக்கு உடல்நலமில்லை என்று கேட்பார்கள்.

ஒலிகள் சரியாகவே இருந்தன. அழுத்தம்தான் முதல் அசையில் விழுந்தது. தமிழில் அசைகளை ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகிய நாக்கு நமக்கு. ஆங்கிலத்திலோ ஓர் அசை ஓங்க, மற்றவை தேய வேண்டும்.

வழி, சொல்லின் வாலில் கிடைத்தது. ‘இட்டி’ என்று முடிந்தால் அதற்கு முந்தைய அசை ஓங்கும். ஹாஸ்-பி-டல் என்பதில் முதல் அசை ஓங்குகிறது. ‘இட்டி’ சேர்ந்ததும் ஹாஸ்-பி-டா-லி-டி என ஐந்தசையாகி, ‘டா’ ஓங்குகிறது. ‘எலெக்ட்ரிசிட்டி’யில் ‘ட்ரி’. ‘ஷன்’, ‘இக்’ என முடிபவற்றுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்: ‘எஜுகேஷன்’ என்றால் ‘கே’, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்றால் ‘கிரா’. ‘பாலிடிக்ஸ்’ போன்ற விலக்குகளை மனப்பாடம் செய்வதே நல்லது.

ஒன்றை அழுத்திச் சொல்வேன்: பகுதி விகுதி பிரிப்பது பொருளுக்கு, அசை பிரிப்பது வாய்க்கு. ‘ஹாஸ்பிடல்’, ‘இட்டி’ என்பவை சொல்லின் உறுப்புகள். உச்சரிக்கும்போது ‘ல்’ அடுத்த அசைக்கு நகர்ந்துவிடுகிறது.

காலையில் ஆளில்லாத முகப்பில் உட்கார்ந்து, ஓங்கும் அசைக்கு மட்டும் திண்ணையில் விரலால் தட்டி, மற்றவற்றை மெலிதாகச் சொல்லிப் பழகினேன். இப்போது விருந்தினர் யாரும் திருப்பிக் கேட்பதில்லை. அடுத்து ‘ஃபோட்டோகிராஃபி’யைப் பழகுகிறேன், அதில் இரண்டாம் அசை ஓங்க வேண்டும்.