கேண்டி ஸ்டேட்டனைக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்கப் பாடகி கேண்டி ஸ்டேட்டன் என்று சொன்னால், பெயர் தெரிந்தவர்கள்கூட "ஓ, அந்த டிஸ்கோ பாடகியா?" என்பார்கள், 1970-களின் நடன இசையை மனதில் வைத்து. நானும் ரொம்ப நாள் அந்தக் கணக்கில்தான் இருந்தேன். 1976-ல் வந்த 'யங் ஹார்ட்ஸ் ரன் ஃப்ரீ' அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (கறுப்பின இசை) பட்டியலில் முதலிடம், பிரிட்டனில் இரண்டாமிடம். அந்த வெற்றியே அவருக்கு வினையாகவும் போயிற்று. அதற்கு முன்பு பாடியதெல்லாம் அதன் நிழலில் மறைந்துவிட்டது.

ஆகவே முதல் தவறு, அங்கிருந்து தொடங்குவது. தொடங்க வேண்டிய இடம் அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே ஃபேம் ஸ்டூடியோவில் ரிக் ஹால் தயாரிப்பில் 1969 முதல் அவர் பதிந்த பாடல்கள். ஹால் லேசில் திருப்திப்படுகிற ஆள் இல்லை. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்து, தொண்டை கட்டிப்போன பிறகு கிடைக்கும் பதிவைத்தான் எடுத்துக்கொள்வாராம். ஸ்டேட்டனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். வரி முடிகிற இடத்தில் குரல் லேசாகக் கீறும், ஆனால் சுருதி அசையாது. இந்தப் பாடல்களைத் தொகுத்து 2000-களின் தொடக்கத்தில் ஒரு ஆல்பம் வந்தது. இசைச் செயலியில் அந்த ஆண்டைப் பார்த்துவிட்டுப் புதுப் பாடல்கள் என்று தள்ளிவிடாதீர்கள்.

"சர்ச் கொயரில் பாடியவர்" என்று ஒரே வரியில் முடிப்பது அடுத்த தவறு. ஸ்டேட்டன் சிறுமியாக இருந்தபோதே தொழில்முறைப் பாடகி. 1950-களில் அக்கா மேகியோடு 'ஜூவல் காஸ்பல் ட்ரியோ'வில் சேர்ந்து ஊர் ஊராகப் போனார். மஹாலியா ஜாக்சன் போன்ற பெரிய காஸ்பல் பாடகர்கள் பாடிய அதே மேடைகளில் பாடினார். காஸ்பல் என்பது கறுப்பினத் தேவாலயங்களில் வளர்ந்த கிறிஸ்தவப் பக்தி இசை. அந்த மேடையில் அழகாகப் பாடினால் மட்டும் போதாது. எதிரே உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்க வைக்க வேண்டும். அவருடைய குரலில் இருக்கிற அந்த அவசரம் அங்கே பழகியதுதான்.

ஒருவர் பாடியதை இன்னொருவர் எடுத்துப் பாடும் கவர் பாடல் என்றால் நகல் என்று நினைக்கிறவர்களும் உண்டு. டாமி வைனெட் 1968-ல் பாடிய 'ஸ்டாண்ட் பை யுவர் மேன்' ஒரு கன்ட்ரி பாட்டு, அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்டது. புருஷனை விட்டுக்கொடுக்காதே என்று பெண்ணுக்குப் புத்தி சொல்வது. 1970-ல் ஸ்டேட்டன் அதையே எடுத்து, பித்தளை வாத்தியங்களும் துள்ளும் தாளமும் சேர்த்துப் பாடினார். என் காதுக்கு, வைனெட் அறிவுரை சொல்கிறார். ஸ்டேட்டன் அனுபவித்ததைச் சொல்கிறார். கிராமி பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பிடித்தது.

பிரபல பாடகி அரீத்தா ஃப்ராங்க்ளினோடு ஒப்பிடுவதையும் விட்டுவிடலாம். இரண்டு பேரும் காஸ்பலிலிருந்து வந்தவர்கள், இரண்டு பேரும் ஃபேமில் பாடியவர்கள், அவ்வளவுதான் பொருத்தம்.

ஆனால் பெரிய தவறு எது என்று கேட்டால், அந்த 1976 பாட்டைக் குதூகலப் பாட்டு என்று எடுத்துக்கொள்வதுதான். கல்யாண வீடியோக்களில் எல்லாம் போடுகிறார்கள்! ஸ்டேட்டன் அப்போது அடிஉதை நிறைந்த ஒரு உறவில் சிக்கியிருந்தார். அவர் சொன்னதையெல்லாம் கேட்டுத்தான் தயாரிப்பாளர் டேவிட் கிராஃபர்ட் அந்தப் பாட்டை எழுதினார். பாட்டில் வருகிற பெண், ஒரு நாளைக்கு நூறு தடவை போய்விடுகிறேன் என்று சொல்லிக்கொள்கிறாள், போக முடியவில்லை. தனக்கு முடியாததை இளசுகளாவது செய்யட்டும் என்கிறாள். தாளம் ஆடச் சொல்கிறது, வார்த்தை அழுகிறது. ஒருமுறை ஆடாமல் உட்கார்ந்து கேட்டால் பிடிபடும்.

1980-களில் அவர் காஸ்பலுக்குத் திரும்பியதை ஓய்வு என்று எழுதுகிறார்கள். அந்தப் பத்தாண்டில் முழுநேரமும் பக்திப் பாடல்தான், உண்மை. ஆனால் 'யூ காட் த லவ்' வந்ததும் அந்த வருடங்களில்தான், 1986-ல். உடல் எடையைக் குறைக்கப் போராடிய ஒருவரைப் பற்றிய ஆவணப்படத்துக்காகப் பாடியது. பிறகு யாரோ ஒரு டிஜே அவர் குரலை மட்டும் உருவி ஹவுஸ் என்ற கிளப் நடன இசையின் மேல் வைத்தார். 1991-ல் பிரிட்டனில் நான்காமிடம். 2009-ல் ஃப்ளோரன்ஸ் அண்ட் த மெஷின் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு பாடியதால் அது அவர்கள் பாட்டு என்றே பலர் நினைக்கிறார்கள். இதைக்கூட மன்னித்துவிடலாம். காதல் பாட்டு என்று நினைப்பதைத்தான் தாங்க முடியவில்லை. அது ஜெபம். நள்ளிரவில் கிளப்பில் விளக்குகள் சுழல, இரட்சகரின் அன்பு மெய்யானது என்று அந்தக் குரல் சாட்சி சொல்லும். கூட்டம் இரண்டு கையையும் தூக்கிக் குதித்துக்கொண்டிருக்கும்.