ஆடிக் காற்றில் சைக்கிள் வேகம் குறைந்தால்

மூன்று மாதமாக ஏறிக்கொண்டே வந்த சராசரி வேகம், ஜூன் பிறந்ததும் திடீரென்று இறங்குகிறதா? கால் தளர்ந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். முதலில் டயர் காற்றைப் பாருங்கள். அது சரியாக இருந்தால், மேற்கிலிருந்து வீசும் மேல்காற்றுதான் பெரும்பாலும் காரணம். உங்கள் வேகமும் எதிர்க்காற்றின் வேகமும் சேர்ந்து இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும்.

காலையிலேயே கிளம்புங்கள், வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். திருநெல்வேலியிலிருந்து போகும்போது சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் என்று மேற்கே மிதியுங்கள். களைத்துத் திரும்புகையில் காற்றே தள்ளிவிடும். பெரிய கியரில் முக்கினால் முழங்கால்தான் வலிக்கும். கியரை இறக்கி, வலது முழங்கால் 15 நொடியில் 20 முறை மேலே வருகிறதா என்று எண்ணுங்கள். முன்னேற்றத்தை அளக்க, காற்றடங்கிய அக்டோபரில் அதே சாலையில், அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள்.