தொல்மனிதர் பற்றிய செய்தியில் வரும் வயதைப் படிப்பது எப்படி?

தொல்மனித எலும்போ கற்கருவியோ கண்டெடுக்கப்பட்டதாக வரும் செய்தியில் முதலில் கண்ணில் படுவது அதன் வயதுதான். அந்த எண்ணை அப்படியே ஏற்பதற்கு முன், எதன் வயது அளக்கப்பட்டது என்று தேடிப் பார்க்க வேண்டும். எலும்பையே அளந்தார்களா, அதே மண்ணடுக்கில் கிடந்த கரித்துண்டை அளந்தார்களா, அல்லது அந்த அடுக்குக்கு மேலும் கீழும் உள்ள எரிமலைச் சாம்பலை அளந்தார்களா என்பது பெரும்பாலும் செய்தியின் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். சில வேளைகளில் இருக்கவே இருக்காது. அப்போது மூல ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தைப் படிப்பதே வழி. முழுக் கட்டுரைக்குக் கட்டணம் கேட்கும் ஆய்விதழ்கள்கூடப் பொதுவாகச் சுருக்கத்தை இலவசமாகவே தருகின்றன.

அடுத்து, கையாளப்பட்ட முறை அவ்வளவு பழங்காலத்தை எட்டக்கூடியதா என்று பாருங்கள். உயிரினங்களின் எச்சத்தில் இருந்து மெல்லச் சிதையும் கார்பன்-14இன் அரைவாழ்வுக் காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், ஏறத்தாழ 5,730 ஆண்டுகள்; ஆகவே சுமார் 50,000 ஆண்டுகளைக் கடந்த பொருளில் அளக்கத்தக்க அளவுக்கு அது மிஞ்சுவதில்லை. எத்தியோப்பியாவின் ஹடாரில் 1974இல் கிடைத்த ‘லூசி’ என்ற தொல்மனிதப் பெண்ணின் எலும்புக்கூட்டுக்கு ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டு வயது என்பது அவளுடைய எலும்பிலிருந்து பெறப்பட்டதன்று, அங்குள்ள எரிமலைச் சாம்பலின் படிகங்களில் பொட்டாசியம் சிதைந்து உண்டான ஆர்கானை அளந்து பெறப்பட்டது. தென்னாப்பிரிக்கக் குகைகளில் அத்தகைய சாம்பல் அடுக்குகள் இல்லாததால், அங்கு கிடைத்த எச்சங்களின் வயது பற்றிய விவாதம் எளிதில் முடிவதில்லை.

எலும்பும் அளக்கப்பட்ட பொருளும் உண்மையிலேயே ஒரே அடுக்கைச் சேர்ந்தவைதானா என்ற கேள்வியைத்தான் நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில், லியாங் புவா குகையில் 2003இல் ஒரு மீட்டர் உயரமே இருந்த ஒருவரின் எலும்புக்கூடு கிடைத்தது. மறு ஆண்டு அதற்கு ஹோமோ ஃபுளோரேசியென்சிஸ் என்று பெயரிட்டபோது, அருகிலிருந்த கரியைக் கொண்டு அதன் வயது சுமார் 18,000 ஆண்டு என்று அறிவித்தார்கள். உலகின் பிற பகுதிகளில் நம் இனம் மட்டுமே எஞ்சியிருந்த காலத்தில் இப்படி ஒரு குள்ள இனம் வாழ்ந்ததா என்று பலரும் வியந்தார்கள். தொடர்ந்து நடந்த அகழாய்வில், பழைய படிவுகளின் ஒரு பகுதி அரிக்கப்பட்டு, அரிப்பு உண்டாக்கிய சரிவின் மேல் மிகவும் இளைய மண் வந்து படிந்திருந்தது தெரியவந்தது. எலும்பு கிடந்தது பழைய படிவில். கரியோ புதிய மண்ணைச் சேர்ந்தது. ஒரே ஆழத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் இரண்டும் சம காலத்தவை என்று தோன்றிவிட்டன. 2016இல் வெளிவந்த திருத்தத்தின்படி எலும்புகளின் வயது ஒரு லட்சம் முதல் 60,000 ஆண்டு வரை. கார்பன் அளவீட்டில் பிழை ஏதும் இல்லை. அளக்கப்பட்ட கரிக்கும் எலும்புக்கும்தான் தொடர்பில்லை.

வயதுக்குப் பின்னால் வரும் ± குறியை விட்டுவிடாதீர்கள்; கணிப்பு எவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம் என்பதை அது காட்டுகிறது. மொராக்கோவின் ஜெபெல் இர்ஹூத்தில் நெருப்பில் சுட்ட கற்கருவிகளை அளந்து 2017இல் வெளியிட்ட வயது 3,15,000 ± 34,000 ஆண்டு. செய்திகள் அதை ‘மூன்று லட்சம்’ என்று சுருக்கியதில் பெரிய குற்றமில்லை. ஆனால் மனித இனம் மொராக்கோவில்தான் பிறந்தது என்று சில தலைப்புகள் நீட்டியதற்கு ஆய்வில் ஆதாரமில்லை. அங்கு கிடைத்த மண்டையோடுகளின் முகம் நம்முடையதை ஒத்திருந்தது, மூளைப்பெட்டியோ இன்னும் நீண்டு தாழ்ந்திருந்தது. ஆப்பிரிக்கா முழுவதும் பரவியிருந்த மக்களிடையே நம் இனம் உருவாகியிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

கருவியை மட்டும் கொண்டு அதைச் செய்தவரை அடையாளம் காட்டும் செய்திகளிடமும் எச்சரிக்கை தேவை. திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தின் கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் 2011இல் வெளியிட்டார்கள். நிலத்தின் மேல் கிடக்கும் கல்லில், விண்வெளியிலிருந்து வரும் அண்டக் கதிர்கள் உண்டாக்கும் அலுமினியம்-26, பெரிலியம்-10 ஆகிய இரண்டும், கல் ஆழமாகப் புதைந்த பின் வெவ்வேறு வேகத்தில் சிதைவதால், எஞ்சியுள்ள விகிதத்திலிருந்து அது புதைந்த காலத்தைக் கணிக்கலாம். மண்ணில் பதிந்திருந்த காந்தத் திசை இன்றைய திசைக்கு நேர்மாறாக இருந்ததும் இதற்கு ஒத்துவந்தது. புவியின் காந்தம் கடைசியாகத் திசை மாறியது ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு; ஆகவே அந்த மண் அதற்கும் முந்தையது. இப்படி இரண்டு முறைகள் ஒன்றையொன்று சாராமல் ஒரே பக்கம் காட்டும் கணிப்பைக் கூடுதலாக நம்பலாம். ஆனால் அங்கு மனித எலும்பு கிடைக்கவில்லை. நம் இனமான ஹோமோ சேப்பியன்ஸ் அப்போது தோன்றியிருக்கவும் இல்லை. ஆகவே ‘15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய தமிழன்’ என்று எழுதுவது வெறும் ஆசை. அதே இடத்தின் மேலடுக்குகளில் கைக்கோடரிகள் குறைந்து, சிறிய செதில் கருவிகள் பெருகிய கட்டத்துக்கு 2018இல் ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டு என்று வயது தந்தார்கள். அங்கு அளக்கப்பட்டது கருவியன்று, அதைச் சூழ்ந்த மண்ணின் தாதுத்துகள்கள் கடைசியாக வெயில் கண்ட காலம்.