பன்றிக்குட்டிக் கழிச்சல்: என் அனுபவம்

ஐப்பசி மழையில், குலசேகரம் பக்கம் எங்கள் கொட்டிலில் பிறந்த பன்றிக்குட்டிகளுக்கு மஞ்சளாகத் தண்ணீர்க் கழிச்சல். ஈ.கோலி என்றார் கால்நடை மருத்துவர். அந்தக் கிருமி சிறுகுடல் சுவரில் ஒட்டிக்கொண்டு நச்சை விடும். குடல் புண்ணாவதில்லை, உடம்பிலுள்ள உப்பும் நீரும்தான் குடலுக்குள் கொட்டிப் போகும். குட்டி சாவது பெரும்பாலும் நீர் வற்றித்தான். அதனால் அவர் தந்த மருந்தோடு ஓ.ஆர்.எஸ். கரைசலை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினோம். ராத்திரி முழுக்க பல்பு எரிந்தது. பிறந்த குட்டிக்கு 32 டிகிரிக்குக் குறையாத சூடு வேண்டும், ரப்பர் தோட்டத்து ஈரக்காற்றில் அது தானாகக் கிடைக்காது. நோஞ்சான் ஒன்று போய்விட்டது, மற்றவை தேறின.

அடுத்த ஈற்றுக்குக் கொட்டிலைக் கழுவி, சுண்ணாம்படித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே சினைப்பன்றியை ஏற்றினோம். தாயின் எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகத்தான் குட்டிக்கு வரும் என்பதால், பிறந்த உடனே ஒவ்வொன்றையும் முலையில் பிடித்து விட்டேன். அந்த முறை கழிச்சல் வரவில்லை.